உடம்பு வளையாத வயதிலும் யோகம்

தில்லைச் சிற்றம்பலத்தில் ஆனந்தக் கூத்தனின் திருநடனத்தைக் கண்ணாரக் காணும் பேறு பெற்ற முனிவர்கள் இருவர். புலியின் கால்களை வேண்டிப் பெற்ற வியாக்கிரபாதர் ஒருவர்; பதஞ்சலி மற்றொருவர். நடராசப் பெருமானின் திருவடிவைச் சித்திரிக்கும் ஓவியங்களிலும் சிற்பங்களிலும் இவ்விருவரும் இருபுறமும் கைகூப்பி நிற்பதை அன்பர்கள் கண்டிருப்பர். பதஞ்சலியின் திருவுருவில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. இடைக்கு மேல் மனித வடிவம். இடைக்குக் கீழே பாம்பின் உடல். யோகத்துக்குச் சூத்திரம் வகுத்தவர் என்று பாரதம் முழுவதும் போற்றும் அம்முனிவருக்கு, பத்மாசனத்தில் மடக்கி அமரக் கால்களே இல்லை!

திருமாலைத் தாங்கும் ஆதிசேடனே பதஞ்சலியாக வந்து பிறந்தார் என்பது தலபுராணம். தாருகாவனத்தில் நிகழ்ந்த சிவபெருமானின் கூத்தைத் திருமால் தம் உள்ளத்தில் எண்ணி எண்ணி மகிழ, அம்மகிழ்ச்சியின் பாரத்தைத் தாங்கிய ஆதிசேடனுக்குத் தானும் அக்கூத்தைக் காண வேண்டும் என்னும் வேட்கை பிறந்தது. தவம் செய்து, மண்ணுலகில் அவதரித்து, தில்லைக்கு வந்து, தைப்பூசத் திருநாளில் அத்தரிசனத்தைப் பெற்றார். அவரைப் பற்றி மற்றொரு செவிவழிக் கதையும் வழங்குகிறது. காலும் கொம்பும் இல்லாத உனக்கு இங்கு என்ன வேலை என்று நந்தியெம்பெருமான் தடுத்தாராம். உடனே பதஞ்சலி, காலும் கொம்பும் இல்லாத எழுத்துகளை மட்டுமே கொண்டு ஒரு துதியைப் பாடினாராம். சரண சிருங்க ரஹித ஸ்தோத்திரம் என்று இன்றும் ஓதப்படுவது அத்துதியே.

இக்கதையில் முதியோருக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21ஆம் நாள் உலக யோகா தினம் 2015ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் காணும் படங்களில், இளையோர் உடலை வில்லாக வளைக்கின்றனர், தலைகீழாக நிற்கின்றனர். அவற்றைக் கண்டு, “முட்டி மடங்கவில்லை, முதுகு நிமிரவில்லை, இனி யோகம் எனக்கெங்கே?” என்று பெருமூச்சுவிடும் பெரியோர் பலர். நாள் தவறாமல் கோயிலுக்குச் செல்பவர்களும், திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் மனப்பாடமாக ஓதுபவர்களும்கூட இவ்வாறே எண்ணி ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வெண்ணம் பணிவிலிருந்து பிறப்பதே. ஆயினும், யோகத்தை வகுத்த முனிவர்கள் சொன்னதற்கு இது பொருந்துவதன்று. அவர்கள் திறந்துவைத்த வாயிலை, வயது என்னும் காரணம் காட்டித் தாமே அடைத்துக்கொள்வதாகிவிடும்.

எட்டு உறுப்புகளில் ஆசனம் ஒன்று

பதஞ்சலியின் யோகசூத்திரம் நான்கு பாதங்களை உடையது. சமாதி பாதம், சாதன பாதம், விபூதி பாதம், கைவல்ய பாதம் என்பன அவை. சூத்திரங்களின் மொத்த எண்ணிக்கை 195. சில பதிப்புகளில் 196. இவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை 3 சூத்திரங்களே. நூலின் இரண்டாம் சூத்திரத்திலேயே யோகம் இன்னதென்று முனிவர் வரையறுத்துவிடுகிறார். சித்தத்தின் அலைகள் அடங்குவதே யோகம் என்பது அதன் கருத்து. அங்கே உடம்பை வளைப்பது பற்றிய பேச்சே இல்லை.

ஆசனம் பற்றிய அம்மூன்று சூத்திரங்கள் கூறுவது என்ன? இருக்கை உறுதியாகவும் இன்பமாகவும் இருத்தல் வேண்டும் என்பது முதலாவது. முயற்சியைத் தளர்த்துவதாலும், அனந்தத்தில் உள்ளத்தைப் பதிப்பதாலும் அது கைகூடும் என்பது இரண்டாவது. அனந்தம் என்பதற்கு எல்லையற்றது என்று பொருள் கொள்வோரும், உலகைத் தாங்கும் ஆதிசேடன் என்று பொருள் கொள்வோரும் உரையாசிரியர்களுள் உண்டு. அவ்வாறு அமர்ந்தவனை வெப்பமும் குளிரும் போன்ற இரட்டைகள் வருத்தா என்பது மூன்றாவது. துன்பத்தைத் தாங்கிக்கொண்டு காலை முறுக்க வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. முயற்சியைத் தளர்த்துக என்றே முனிவர் பணிக்கிறார்.

ஆசனத்துக்கு முன்னே இரண்டு படிகளை அவர் வைத்திருக்கிறார். இயமம், நியமம் என்பன அவை. பிற உயிருக்குத் தீங்கு செய்யாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், வேண்டாதவற்றைச் சேர்த்து வைக்காமை ஆகிய ஐந்தும் இயமம். தூய்மை, உள்ளது கொண்டு மகிழ்தல், தவம், மறைநூல் ஓதுதல், இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல் ஆகிய ஐந்தும் நியமம். இப்பத்தும் உடல் வலிமையை வேண்டுவன அல்ல. சொல்லப்போனால், இவை முற்றிக் கனிவதற்கு முதுமையே ஏற்ற பருவம்.

தீங்கு செய்யாமை என்பது கையால் அடிக்காமை மட்டுமன்று. மருமகளின் சமையலில் உப்புக் குறைந்த நாளில் நாவை அடக்குவதும் அதுவே. பொருள் சேர்க்காமை என்பது துறவிக்கு மட்டும் உரியதன்று. பீரோவின் சாவியை உரிய காலத்தில் அடுத்த தலைமுறையிடம் மனமுவந்து கொடுப்பதும், பழைய மனத்தாங்கல்களைச் சேர்த்து வைக்காமல் விட்டுவிடுவதும் அவ்விரதத்தின் கூறுகளே. உள்ளது கொண்டு மகிழ்தல், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் இல்லங்களில் நாள்தோறும் பயிலப்படும் யோகம். இவற்றை வழுவாது காப்பவர், யோகம் அறியாதவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டாலும், எட்டுப் படிகளில் முதல் இரண்டில் காலூன்றி நிற்பவரே ஆவார்.

கிடைத்த உடம்பில் யோகம் செய்தவர்

வடமொழியில் பதஞ்சலி செய்ததைத் தமிழில் திருமூலர் தமக்கே உரிய வகையில் செய்தருளினார். பத்தாம் திருமுறையாகிய திருமந்திரம் ஒன்பது தந்திரங்களை உடையது. மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிக்கிறது. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டினையும் அங்கே முறையாகக் காணலாம். இயமத்தில் நிற்பவனின் இயல்புகளைக் கூறும்போது, கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமையோடு நடுவுநிலைமையையும் பகுத்துண்ணுதலையும் திருமூலர் சேர்த்துரைப்பது தமிழ் நெறியின் தனி அழகு. வாயிலில் வந்தவருக்கு ஒரு பிடி சோறு இடுவதும் யோகத்தின் உறுப்பு என்று அவர் கருதினார்.

திருமூலரின் வரலாறே ஒரு பேருண்மையை உணர்த்துவது. கயிலையிலிருந்து அகத்தியரைக் காணத் தென்னாடு நோக்கி வந்த சிவயோகியார், காவிரிக்கரையில் சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்துகிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுவதையும் கண்டார். அப்பசுக்களின் துயரம் தீர்க்கத் தம் உடலை ஓரிடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு, மூலனின் உடலில் புகுந்தார். பசுக்களை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, வைத்த இடத்தில் அவருடைய உடல் இல்லை. இறைவன் அதனை மறைத்துவிட்டான் என்று பெரியபுராணம் கூறும்.

தவத்தால் பண்பட்ட பழைய உடம்பு போயிற்று. எஞ்சியது மாடு மேய்த்தவனின் உடம்பு. அவ்வுடம்போடு திருவாவடுதுறையில் அரசமரத்தின் நிழலில் அமர்ந்து யோகத்தில் ஆழ்ந்த திருமூலர், ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் பாடல்களை அருளினார் என்பது மரபு. இழந்த உடம்புக்காக அவர் ஏங்கிக் காலத்தைக் கழிக்கவில்லை. கிடைத்த உடம்பையே கருவியாகக் கொண்டார். இருபது வயதில் இருந்த உடம்பை எண்ணி ஏங்கும் எழுபது வயது அன்பருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. உடம்பை இழிவென்று எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் குடிகொண்டிருப்பதைக் கண்ட பின்னர் அதனைப் பேணலானதாகத் திருமூலர் பாடியிருப்பதும் நினையத்தக்கது.

நான்கு நெறிகள்

சைவ மரபில் யோகம் தனித்து நிற்பதில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் அது மூன்றாவது. திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரம் இவற்றை விளக்குகிறது. கோயிலைப் பெருக்கி மெழுகுதல், மாலை தொடுத்தல், விளக்கேற்றுதல், வலம் வருதல் ஆகியவை சரியை. இறைவனைப் பூசித்து வழிபடுதல் கிரியை. உள்ளத்துள்ளே அவனை நிறுத்தி ஒன்றுதல் யோகம். அவனே எல்லாமாக இருப்பதை உணர்தல் ஞானம்.

இந்நான்கையும் உறவுமுறையாலும் சான்றோர் விளக்குவர். சரியை, ஆண்டானுக்கு அடிமை செய்யும் தாச மார்க்கம். உழவாரப் படை தாங்கிய திருநாவுக்கரசர் அதற்கு எடுத்துக்காட்டு. கிரியை, தந்தைக்கு மகன் பணி செய்யும் சற்புத்திர மார்க்கம், அதற்குத் திருஞானசம்பந்தர். யோகம், தோழமை நெறியாகிய சக மார்க்கம். தம்பிரான் தோழராகிய சுந்தரர் அதற்குச் சான்று. ஞானம், சன்மார்க்கம், அதற்கு மணிவாசகர். யோக நெறிக்குச் சான்றாகப் பெரியோர் காட்டுவது ஆசனத்தில் வல்லார் ஒருவரையன்று, இறைவனை நண்பனாக உரிமையோடு அழைத்த சுந்தரரையே என்பதை இங்கு ஊன்றி நோக்க வேண்டும். நெருங்கிய நண்பனோடு பேசாமலே வீற்றிருக்க முடியும். இறைவனோடு அவ்வாறு இருக்கப் பழகுவதே யோகம்.

தாயுமான சுவாமிகள் இந்நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்று உவமித்தார். அரும்பு இன்றிக் கனி இல்லை. ஐம்பது ஆண்டுகளாகத் திருக்கோயிலில் கோலமிட்டு, பூத்தொடுத்து, வலம் வந்த மூதாட்டி ஒருவர் யோகத்தைப் புதிதாகத் தொடங்குகிறார் என்று சொல்வதற்கில்லை. அரும்பும் மலரும் அவரிடம் முன்பே உண்டு; அவை காயாகும் பருவமே இப்போது வந்திருக்கிறது.

வைணவ மரபிலும் யோகத்துக்கு உயர்ந்த இடம் உண்டு. காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த நாதமுனிகள் பெரும் யோகி என்று குருபரம்பரை போற்றுகிறது. ஆழ்வார்திருநகரியில் அமர்ந்து, கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதி, நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தை மீட்டவர் அவர். அதே மரபின் ஆசாரியர்கள், பக்தியோகத்தின் அருமையான சாதனைகளுக்கு ஆற்றல் இல்லாதோருக்குச் சரணாகதியை வழியாகக் காட்டினர். பதஞ்சலியும் தம் நியமங்களின் முடிவில் வைத்தது இறைவனிடம் தன்னை ஒப்படைத்தலையே. இருவேறு வழியில் வந்தோரும் இறுதியில் ஒரே வாயிலில் வந்து நிற்கின்றனர்.

தாங்கி அமர்தல் தவறன்று

சோளிங்கர்ப் பெரிய மலையில் எழுந்தருளியிருக்கும் யோக நரசிம்மரையும், சபரிமலை ஐயப்பனையும் தரிசித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். அவர்களுடைய மடங்கிய முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டை கட்டப்பட்டிருக்கும். யோகபட்டம் என்பது அதன் பெயர். நெடுநேரம் யோகத்தில் அமரும்போது முதுகும் முழங்காலும் தளராமல் தாங்குவதற்காக யோகிகள் கட்டிக்கொண்ட துணிப்பட்டை அது. உலகையே தாங்கும் தெய்வமும் ஒரு தாங்கலோடு அமர்ந்து காட்டுகிறது. அவ்வாறிருக்க, சுவரில் சாய்ந்தோ நாற்காலியில் இருந்தோ தியானம் செய்வதற்கு முதியோர் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

யோகசூத்திரத்துக்கு வியாசர் பெயரால் வழங்கும் பழைய உரையிலும் இதற்குச் சான்று உண்டு. ஆசனங்களின் பெயர்களை வரிசையாகக் கூறும் அவ்வுரை, பத்மாசனத்தில் தொடங்கி, சோபாசிரயம் என்னும் ஒன்றையும் சொல்கிறது. ஆதாரத்தோடு கூடிய இருக்கை என்பது அதன் பொருள். வரிசையின் முடிவில் யதாசுகம் என்று ஒன்று வருகிறது. எவ்வாறு சுகமாக இருக்குமோ அவ்வாறு அமர்தல் என்பது அதன் பொருள். திருமூலரும் தாம் எடுத்துரைத்த ஆதனங்களுள் சுகாதனத்தைச் சேர்த்திருக்கிறார்.

இருக்கை எதுவாயினும் கருத்தில் கொள்ள வேண்டியவை சிலவே. முதுகும் கழுத்தும் தலையும் ஒரே நேராக இருத்தல் நலம் என்று பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் கூறுகிறான். இருக்கை மிக உயரமாகவோ மிகத் தாழ்வாகவோ இருக்கலாகாது என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. தரையில் அமர்ந்து எழ இயலாதவர், கைப்பிடியுள்ள நாற்காலியில், பாதங்கள் இரண்டும் தரையில் படியும்படி அமரலாம். பாதம் எட்டாவிட்டால் கீழே ஒரு மணையை இட்டுக்கொள்ளலாம். நாற்காலியிலும் அமர இயலாதவர் படுத்தபடியே மூச்சைக் கவனிக்கலாம். தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும், கழுத்தை அழுத்தும் ஆசனங்களையும் முதியோர் தாமே முயலலாகாது. கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தம் மிகுந்தவர்களும், எலும்பு தேய்ந்தவர்களும் மருத்துவரைக் கேட்டறிந்து, தகுந்த ஆசிரியரின் மேற்பார்வையிலேயே எந்தப் பயிற்சியையும் தொடங்க வேண்டும்.

மூச்சும் மனமும்

பழந்தமிழில் கால் என்னும் சொல்லுக்குக் காற்று என்றும் பொருள் உண்டு. நடக்கும் கால் தளர்ந்த பின்னும் மூச்சாகிய கால் தளராமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதனைப் பற்றியே யோகத்தின் நான்காம் உறுப்பு அமைகிறது.

மூச்சை உள்ளே இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், வெளிவிடுவது இரேசகம். பூரகத்துக்கு 16 மாத்திரை, கும்பகத்துக்கு 64 மாத்திரை, இரேசகத்துக்கு 32 மாத்திரை என்று திருமூலர் கணக்கு வகுத்தார். இது குருவின் அருகிருந்து பல்லாண்டு பழகியவர்களுக்கு உரிய அளவு. நூலில் படித்த அளவில் முதியோர் இதனைச் செய்து பார்த்தல் கூடாது. ஹடயோகப் பிரதீபிகை என்னும் நூலில் சுவாத்மாராமர் இதைப்பற்றி வெளிப்படையாகவே எச்சரிக்கிறார். சிங்கத்தையும் யானையையும் புலியையும் சிறிது சிறிதாகப் பழக்குவதுபோல மூச்சையும் பழக்க வேண்டும். இல்லாவிடில் அது பழக்குபவனையே அழிக்கும் என்பது அவர் கருத்து.

ஆகவே இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மூச்சை நிறுத்தும் பயிற்சியை அறவே தவிர்த்தல் நன்று. அவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. மூச்சை அடக்க முயலாமல், அது வருவதையும் போவதையும் பார்த்திருத்தல். உள்ளே வரும்போது “சிவ” என்றும், வெளியே செல்லும்போது “சிவ” என்றும் உள்ளத்தால் எண்ணலாம். வைணவ அன்பர்கள் “நாராயண” என்னும் திருநாமத்தை அவ்வாறே எண்ணலாம். மூச்சு தானே மெல்ல நீளும். இழுப்பதைக் காட்டிலும் விடுவது சற்று நிதானமாக அமைந்தால் போதும். தலை சுற்றினாலோ மார்பில் இறுக்கம் தோன்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

சந்தியாவந்தனத்தில் பிராணாயாமத்துக்குப் பின்னரே காயத்திரி ஜபம் தொடங்குகிறது. முன்னோர் அவ்வாறு வைத்ததற்குக் காரணம் உண்டு. மூச்சு ஓடும் வேகத்திலேயே மனமும் ஓடும். மூச்சு அமைந்தால் ஜபத்தில் மனம் நிற்கும். கடமைக்காக விரைந்து முடிக்கும் அந்த மூன்று பிராணாயாமங்களை நிறுத்தி நிதானமாகச் செய்தாலே யோகத்தின் நான்காம் உறுப்பு கைவரத் தொடங்கிவிடும்.

கோயிலே யோகசாலை

ஐந்தாம் உறுப்பாகிய பிரத்தியாகாரம், புறத்தே ஓடும் புலன்களை உள்ளே திருப்புதல். இதனைக் கற்பிக்கும் பள்ளியாகவே திருக்கோயில் அமைந்திருக்கிறது. வெளிப்பிராகாரத்தில் வெயிலும் கூட்டமும் ஓசையும் இருக்கும். உள்ளே செல்லச் செல்ல வெளிச்சம் குறையும். கருவறையில் ஒரு விளக்கின் சுடர் மட்டுமே எஞ்சும். அச்சுடரொளியில் தெய்வத்தின் திருமுகத்தில் கண் நிலைப்பதே தாரணை. திரை விழுந்த பின்னும் அத்திருமுகம் உள்ளத்தில் நின்றால் அதுவே தியானம்.

சிவாலயங்களில் தரிசனம் முடிந்தபின் சிறிது நேரம் அமர்ந்துவிட்டுச் செல்வது வழக்கம். இன்று பலர் அதை ஒரு சடங்காக எண்ணி, இரண்டு கணம் அமர்ந்து, கைப்பேசியைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகின்றனர். கண்ட திருவுருவைக் கண்மூடி உள்ளே மீண்டும் காண்பதற்கு உரிய நேரம் அது. திருவடியில் தொடங்கித் திருமுடி வரை ஒவ்வோர் உறுப்பாக நினைவுக்குக் கொண்டுவரலாம். மனம் விலகினால் சினம் கொள்ளாமல் மீண்டும் திருவடிக்குத் திருப்பலாம். கோயிலுக்குச் செல்ல இயலாமல் படுக்கையில் இருப்பவர்களும், இளமையில் கண்ட தம் குலதெய்வத்தின் சந்நிதியை இவ்வாறு உள்ளத்தால் வலம் வர முடியும். பூசலார் நாயனார் பொருளில்லாமையால் மனத்துக்குள்ளேயே திருநின்றவூரில் ஒரு கோயிலைக் கட்டினார். மன்னன் காஞ்சியில் கட்டிய கற்றளியின் குடமுழுக்கை மறுநாளுக்கு ஒத்திவைக்கச் சொல்லி, இறைவன் அன்று எழுந்தருளியது பூசலாரின் மனக்கோயிலுக்கே.

காலம் கடந்துவிட்டதா?

“இனித் தொடங்கி என்ன காணப்போகிறோம்?” என்னும் ஐயம் அருச்சுனனுக்கும் எழுந்தது. நம்பிக்கையோடு தொடங்கி, முற்றுப்பெறாமல் இடையில் நின்றுவிட்டவன், சிதறிய மேகம்போல இரண்டுங்கெட்டு அழிந்துபோவானோ என்று அவன் கேட்டான். நன்மை செய்தவன் எவனும் கெடுவதில்லை என்று கண்ணன் உறுதி கூறினான். அத்தகையவன் தூயோர் இல்லத்திலோ யோகியர் குலத்திலோ மீண்டும் பிறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. இந்நெறியில் செய்த முயற்சி எதுவும் வீண்போவதில்லை. எண்பது வயதில் தொடங்கியவருக்கும் இது பொருந்தும்.

இளைஞரும் முதியவரும் மிக முதியவரும் நோயாளியும் மெலிந்தவரும் சோம்பலற்ற பயிற்சியால் யோகசித்தி பெறுவர் என்று ஹடயோகப் பிரதீபிகையும் கூறுகிறது. ஆசனங்களையும் முத்திரைகளையும் விரிவாகப் பேசும் நூலே இவ்வாறு கூறுவது குறிப்பிடத்தக்கது.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1888ஆம் ஆண்டு பிறந்து, மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்து, பின்னர் சென்னையில் வாழ்ந்து, 1989ஆம் ஆண்டு நூறு வயது கடந்து மறைந்தவர் திருமலை கிருஷ்ணமாசாரியார். உலகப் புகழ்பெற்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் பயின்றவர்களே. இளமையில் கடினமான ஆசனங்களைச் செய்து காட்டிய அவர், பின்னாளில் வற்புறுத்தியது ஒன்றையே. யோகத்துக்கு மனிதனை வளைக்க வேண்டாம். அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப யோகத்தை அமைத்துக்கொடுக்க வேண்டும் என்பதே அவர் கற்பித்த முறை. தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலிருந்தபடியே செய்யத்தக்க பயிற்சியைத் தமக்கெனத் தாமே வகுத்துக்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அவருக்கு முன்னே, எண்பத்தொரு ஆண்டுகள் வாழ்ந்தவராக மரபு போற்றும் அப்பரடிகளின் கயிலைப் பயணம் இருக்கிறது. முதுமையில் கயிலை நோக்கி நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தாவிச் சென்றார். கைகள் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது உருண்டார். இறைவன் அவரைத் தடுத்து ஒரு பொய்கையில் மூழ்கச் செய்தான். திருவையாற்றுக் குளத்தில் எழுந்த அவருக்கு, அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. உடம்பு சென்று சேராத இடத்துக்கு, உள்ளத்தின் உறுதியைக் கண்டு இறைவனே வந்தான்.

ஒரு நாளுக்கு அரை நாழிகை

தொடங்க எண்ணும் முதியோருக்கு ஒரு நாளில் அரை நாழிகை போதும். அது 12 நிமிடம். விடியற்காலையில் எழுந்து, காலைக்கடன் முடித்து, உணவுக்கு முன் செய்வது சிறப்பு. முதலில் அமர்ந்தபடியே கைவிரல்கள், மணிக்கட்டு, தோள், கணுக்கால் ஆகியவற்றை மெல்ல அசைத்து இறுக்கத்தைத் தளர்த்தலாம். பின்னர் முதுகை நேராக்கி, கண்ணை மூடி, மூச்சோடு திருநாமத்தைச் சேர்த்து எண்ணலாம். அதன்பின் எண்ணுவதையும் விட்டு, இட்டதெய்வத்தின் திருவுருவை நெஞ்சில் நிறுத்தலாம். முடிவில் அன்றைய நாளை இறைவனிடம் ஒப்படைத்து, உடனே எழாமல், சற்றுப் பொறுத்து, எதையேனும் பிடித்துக்கொண்டு மெல்ல எழ வேண்டும். தவம் என்னும் நியமத்தை எண்ணி, நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் முழுப்பட்டினி கிடத்தலாகாது. மிகுதியாக உண்பவனுக்கும், உண்ணாதே இருப்பவனுக்கும் யோகம் இல்லை என்பது கண்ணன் வாக்கு.

சில நாள்களில் மனம் நிற்கும். பல நாள்களில் நில்லாது ஓடும். மருத்துவச் செலவும் பேரன் படிப்பும் மகளின் கவலையும் இடையிடையே வந்து நிற்கும். அதற்காக மனம் சோர்தல் வேண்டா. மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் அரிதென்று அருச்சுனனே முறையிட்டான். பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது கைகூடும் என்பது கண்ணன் தந்த விடை. பதஞ்சலி முனிவரும் அவ்விரண்டையே சொல்கிறார். பயிற்சிக்கு ஓய்வுப் பருவத்தில் நேரம் கிடைக்கிறது. பற்றின்மையை வாழ்ந்த வாழ்க்கையே சிறிது சிறிதாகக் கற்பித்திருக்கிறது. யோகத்துக்கு வேண்டிய முதல் இரண்டும் கையில் இருக்கையில், வளையாத முழங்காலை எண்ணி எவரும் தயங்க வேண்டுவதில்லை. அவரவர் இருந்த இடத்தில், இருக்கும் உடம்போடு, இறைவன் திருநாமத்தைச் சொல்லி நாளை விடியலிலேயே தொடங்கலாம்.